இறுகிப்போன சட்டர்: பழைய பிலிம் கமராவைத் திருத்தும் முறை

ஆலையடிவேம்பிலும் அயல் ஊர்களான அக்கரைப்பற்று, கோளாவில், பனங்காடு, தம்பிலுவில் ஆகிய இடங்களிலும் சில வீடுகளின் அலுமாரிகளுள் இன்னும் ஒரு பழைய கமரா இருக்கின்றது. தகப்பனார் வாங்கியது, மாமனார் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது, மூடப்பட்ட ஸ்ரூடியோ ஒன்றிலிருந்து வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. எடுத்துப் பார்த்தால் வெளியே எல்லாம் நன்றாகவே இருக்கும். ஆனால் பொத்தானை அழுத்தினால் சத்தமே வராது. “சட்டர் இறுகிப் போச்சு, இனி ஒன்றுக்கும் உதவாது” என்று திரும்பவும் அலுமாரிக்குள் வைத்துவிடுவார்கள்.

உண்மையில் இவ்வாறு நின்றுபோன கமராக்களில் பல உடைந்தவை அல்ல. அழுக்கும் பழைய எண்ணெயும் அவற்றைப் பிடித்து வைத்திருக்கின்றன. பொறுமையும் சுத்தமான கையும் உள்ள ஒருவர் அவற்றுட் சிலவற்றை வீட்டிலேயே இயங்கச் செய்யலாம். ஆனால் அவசரப்பட்டால் கமராவை விடப் பெறுமதியான ஒன்றை இழக்க நேரிடும். இதை நான் என் பிழையிலிருந்தே கற்றுக்கொண்டேன்.

சில வருடங்களுக்கு முன்னர் தெரிந்தவர் வீட்டில் இரட்டை வில்லை யஷிக்கா கமரா ஒன்றைத் தந்தார்கள். வீட்டுக்காரர் முன்னர் ஊருக்குப் படம் பிடித்தவர், அவர் காலமாகிவிட்டார். நான் சட்டரைப் பின்புறமாகப் பார்க்கலாம் என்று பின்கதவைத் திறந்தேன். உள்ளே பிலிம் இருந்தது. உடனே மூடினேன். அப்போதுதான் அந்த வீட்டு அம்மா சொன்னா: “தம்பி, அதில கடைசியா எடுத்தது எங்கட மூத்தவள்ற படம். சுனாமிக்கு முந்தின கிழமை எடுத்தவர்.” அந்தப் பிலிமைக் கறுப்பு வெள்ளை முறையில் கழுவினோம். முதல் நான்கு படங்கள் மங்கலாகவேனும் வந்தன. கடைசி இரண்டும் வெளிச்சம் பட்டுக் கறுத்துப் போயிருந்தன.

ஆகவே இந்தப் பாடத்தை அந்த இடத்திலிருந்தே தொடங்குவோம்.

1. முதல் வேலை: உள்ளே பிலிம் உண்டா?

கமரா கைக்கு வந்தவுடன் பின்கதவைத் திறக்கவும் வேண்டாம், பொத்தானை அழுத்தவும் வேண்டாம். எண் காட்டும் சிறிய கண்ணாடியைப் பாருங்கள். இரட்டை வில்லைக் கமராவில் 1 முதல் 12 வரையான எண் ஒன்று தெரிந்தால் உள்ளே பிலிம் இருப்பதாகவே கொள்ளுங்கள். பல கமராக்களில் கதவைத் திறந்ததும் அந்த எண் தொடக்கத்துக்குத் திரும்பிவிடும்; பின்னர் அறிய வழியில்லை. 35 மில்லிமீற்றர் கமராவாயின், பிலிமைத் திருப்பிச் சுற்றும் குமிழை அம்புக்குறி காட்டும் பக்கமாக மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். இறுக்கம் தெரிந்தால் பிலிம் உண்டு.

சட்டர் திறந்தபடியே நின்றுவிட்டதாகத் தோன்றினால் உடனே வில்லை மூடியைப் போடுங்கள்.

35 மில்லிமீற்றர் கமராவில், அடியிலுள்ள சிறு பொத்தானை அழுத்திக்கொண்டு பிலிமைச் சுருளுக்குள் முழுமையாகத் திருப்பிச் சுற்றிய பின்னர் கதவைத் திறக்கலாம். 120 பிலிம் பாவிக்கும் கமராவில் திருப்பிச் சுற்றுதல் இல்லை; முன்னோக்கிச் சுற்றி முடிக்க வேண்டும். எந்தக் கமராவாயினும் சுற்ற முடியாமல் இறுகியிருந்தால் பலவந்தம் செய்யாதீர்கள். முழு இருட்டில் திறந்து கையால் எடுக்க வேண்டும்.

இரவில், யன்னல் இல்லாத அறையில், கதவின் கீழ் இடைவெளியைத் துணியால் அடைத்துவிட்டு ஐந்து நிமிடம் இருங்கள். அதன் பிறகும் கையிலுள்ள வெள்ளைக் கடதாசி தெரிந்தால் அது போதிய இருட்டன்று. சிவப்பு விளக்கும் ஆகாது. படம் பிடிக்கும் பிலிம் அதனாலும் கெடும். 120 பிலிமாயின் மிகுதியையும் படம் எடுத்த பக்கத்துச் சுருளிலேயே இறுக்கமாகச் சுற்றி ஒட்டுங்கள். 35 மில்லிமீற்றராயின் பிலிமை அதன் பேணிக்குள் சுற்றி விடுங்கள். பின்னர் அலுமினியத் தாளில் பொதிந்து, அதன்மேல் கமராவின் பெயரையும் திகதியையும் எழுதுங்கள்.

பத்து, இருபது வருடம் கிடந்த பிலிமிலும் உருவம் முற்றாக அழிந்துவிடுவதில்லை. நிறப் பிலிமாயினும் மிகப் பழையது என்றால் கறுப்பு வெள்ளை முறையில் கழுவுவதே பயன் தரக்கூடும். கொடக்குறோம் என்ற நிறப் பிலிமை அதற்குரிய முறையில் கழுவும் கடைசி நிலையம் அமெரிக்காவில் 2010 டிசம்பர் 30 ஆம் திகதி அந்தச் சேவையை நிறுத்திவிட்டது; இனி அதைக் கறுப்பு வெள்ளையாக மட்டுமே கழுவலாம். தவறுதலாகக் கதவைத் திறந்துவிட்டாலும் உடனே மூடுங்கள். சுருளின் உட்புறத்திலுள்ள படங்கள் தப்பியிருக்கக் கூடும்.

2. சட்டர் என்றால் என்ன?

பிலிம்மீது எவ்வளவு நேரம் வெளிச்சம் விழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கதவே சட்டர். ஆதியில் இப்படி ஒரு கதவு தேவைப்படவில்லை. புகழ்பெற்ற ஆங்கிலேயப் படப்பிடிப்பாளர் யூலியா மார்கிரட் கமரன் 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டவர். அவர் காலத்தில் வில்லை மூடியைக் கழற்றி, சில நிமிடங்களின் பின் திரும்பவும் மூடினார்கள். பிலிமின் வேகம் கூடக்கூட, செக்கனின் சிறு பங்கில் திறந்து மூடும் பொறி அவசியமாயிற்று. 1912 இல் ஜேர்மனியின் மியூனிக் நகரில் பிரிட்றிக் டெக்கல் நிறுவனம் மணிக்கூட்டுப் பற்சில்லுகளால் நேரத்தை அளக்கும் கொம்பூர் சட்டரை வெளியிட்டது. பின்னர் ஜப்பானில் செய்யப்பட்ட கோப்பல் சட்டர்களும் அதே வழியில் அமைந்தவை.

சட்டர்களில் இரு பெரும் வகைகள் உண்டு.

இதழ்ச் சட்டர்: வில்லைகளின் நடுவே மெல்லிய உலோக இதழ்கள் பூவைப் போல விரிந்து மூடும். யஷிக்கா, ரொலிபிளெக்ஸ், சீகல் ஆகிய இரட்டை வில்லைக் கமராக்களில் இருப்பது இதுவே. மேல் வில்லை பார்ப்பதற்கு. சட்டர் இருப்பது கீழ் வில்லையில்.

திரைச் சட்டர்: பிலிமுக்குச் சற்று முன்னால் துணித் திரையோ உலோகத் திரையோ ஓடும். செனித், பென்ரக்ஸ் போன்ற கமராக்களில் இது உண்டு.

வீட்டில் திருத்த முயலத்தக்கது இதழ்ச் சட்டரே. இப்பாடம் பெரும்பாலும் அதைப் பற்றியது.

3. உண்மையிலேயே இறுகியுள்ளதா?

பிலிமை எடுத்த பின்னர், திருகாணியைத் தொட முன்னர் இவற்றைச் சரிபாருங்கள்.

(அ) சட்டர் இழுத்து வைக்கப்பட்டுள்ளதா? யஷிக்கா மற் கமராவில் கைபிடியைச் சுற்றும்போதே சட்டரும் தயாராகும். யஷிக்கா டி போன்றவற்றில் பிலிமைச் சுற்றிய பின் வில்லையருகே உள்ள சிறு நெம்பைத் தனியாக இழுக்க வேண்டும்.

(ஆ) பொத்தானுக்குப் பூட்டு உண்டா? சில கமராக்களில் பொத்தானைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பினால் அது பூட்டப்படும்.

(இ) பற்றரி தேவையா? கனன் ஏஈ-1 கமராவில் பற்றரி இல்லாவிடில் சட்டர் இயங்கவே இயங்காது. பற்றரி இருந்த இடத்தில் பச்சை நிறப் பூஞ்சு போல ஏதேனும் படிந்திருந்தால் அதைச் சுரண்டித் துடையுங்கள்.

(ஈ) எம், எக்ஸ், வீ என்ற எழுத்துகளுடன் ஒரு நெம்பு உண்டா? எம் பழைய பிளாஷ் குமிழுக்கும், எக்ஸ் இக்காலப் பிளாஷுக்கும் உரியவை. வீ என்பது தன்னியக்கக் கடிகாரம். அதன் பற்சில்லுகள் காய்ந்திருந்தால் முழுச் சட்டரும் பாதி வழியில் நின்றுவிடும். பழைய கமராவில் வீ பக்கம் போகவே வேண்டாம். நெம்பை எக்ஸில் வைத்திருங்கள்.

(உ) நின்றுபோனது சட்டர் இதழா, துவார இதழா? வேகத்தைப் ‘பீ’ எழுத்தில் வைத்து, பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பின்புறமாகப் பாருங்கள். வெளிச்சத்தை முற்றாக மறைப்பவை சட்டர் இதழ்கள். நடுவில் துவாரத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்குபவை வேறு இதழ்கள்.

வேகமான அளவுகள் இயங்கி, 1 செக்கன், 1/2 செக்கன் மட்டும் நின்றுவிட்டால் பழுது மந்த வேகப் பற்சில்லுகளில் உள்ளது. எந்த வேகத்திலும் இதழ்கள் அசையாவிடின் இதழ்களிலேயே எண்ணெய் ஏறியிருக்கலாம்.

4. ஏன் இறுகுகின்றது?

இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு இடையே ஒரு துளி நீர் விட்டு அழுத்திவிட்டு அவற்றைப் பிரித்துப் பாருங்கள், இலகுவில் பிரியா. சட்டர் இதழ்களுக்கும் இதுவே நடக்கின்றது. சுற்றியுள்ள பாகங்களுக்கு இட்ட எண்ணெய் வெயிற் சூட்டில் இளகி, மெல்ல மெல்ல ஊர்ந்து இதழ்களை அடைகின்றது. 1/500 செக்கன் என்பது 2 மில்லிசெக்கன். அந்த நேரத்தில் ஓடி முடிக்கும்படி மென்மையான வில்லுச் சுருளே அவற்றை இழுக்கின்றது. எண்ணெயின் பிடியை வெல்ல அதற்குப் பலம் போதாது.

எமது கரையோரத்தில் இன்னும் மூன்று காரணங்கள் உண்டு. மாரிகால வாடைக் காற்றின் ஈரம் துருவை உண்டாக்கும். கச்சான் காற்று நுண்மணலைக் கொண்டுவரும். கடற்காற்றின் உப்பு இரண்டையும் விரைவுபடுத்தும்.

எனவே இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: சட்டர் இதழ்கள் உலர்ந்தே இயங்க வேண்டும். தையல் மெசின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், துரு நீக்கும் தெளிப்பான் எதையும் விடக்கூடாது. விட்டால் ஒரு நாள் இயங்கும். மறு மாதம் முன்னரிலும் மோசமாக இறுகும்.

5. தேவையான பொருட்கள்

• சிகரெட் லைற்றருக்கு ஊற்றும் திரவப் பெற்றோல், சிறிய போத்தல் ஒன்று (அடைக்கும் வாயு அன்று).
• மணிக்கூடு திருத்துவோர் பாவிக்கும் சிறிய திருகாணிச் சாவிகள். ஜப்பானியக் கமராக்களின் நட்சத்திரத் தலைத் திருகாணிகள் சாதாரணச் சாவியில் இலகுவாக வழுக்கித் தலை தேய்ந்துவிடும். நுனி சரியாகப் பொருந்தும் சாவியை மட்டும் பாவிக்கவும்.
• ஈர்க்குச்சிகளும், பலமுறை துவைத்த பழைய பருத்திச் சேலைத் துண்டும். பஞ்சு நார் விடும். சேலைத் துணி அவ்வளவு விடாது.
• சைக்கிள் ரியூப் துண்டும், வில்லை வளையத்தின் அளவான போத்தல் மூடியும்.
• காற்று ஊதும் சிறிய றப்பர் குமிழ். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.
• வெள்ளைத் துணி விரித்த மேசை. விழும் திருகாணி அதில் தெரியும்.

எச்சரிக்கை: லைற்றர் பெற்றோலின் ஆவி இலகுவில் தீப்பற்றும். அடுப்பு, விளக்கு, சிகரெட் மாத்திரமன்றி நுளம்புச் சுருளும் அருகில் இருக்கக் கூடாது. காற்றோட்டமுள்ள இடத்தில், பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். வாகனப் பெற்றோலும் மண்ணெண்ணெயும் படிவை விட்டுச் செல்லும். நகப்பூச்சு நீக்கி பிளாஸ்ரிக்கையும் மையையும் கரைத்துவிடும்.

6. சுத்தம் செய்யும் முறை

படி 1: சட்டர் இழுபட்டிராத நிலையில் இருக்கட்டும். ஒவ்வொரு படியிலும் கைத்தொலைபேசியால் ஒரு படம் எடுத்து வையுங்கள். திரும்பப் பொருத்தும்போது அதுவே உங்கள் வழிகாட்டி.

படி 2: போத்தல் மூடியின் விளிம்பில் சைக்கிள் ரியூப்பைச் சுற்றி, கீழ் வில்லையின் முன் வளையத்தில் அழுத்தி, மணிக்கூடு சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்புங்கள். பல இரட்டை வில்லைக் கமராக்களில் முன் வில்லைத் தொகுதி முழுவதும் ஒன்றாகக் கழன்று வரும். கழன்று வராவிடின் குறடு கொண்டு திருகாதீர்கள். முன் வில்லையைத் திருப்பித் தூரம் சரிசெய்யும் மடிப்புக் கமராவாயின், கழற்ற முன்னர் தொலைதூர நிலையில் வைத்து, ஊசியால் ஒரு சிறு அடையாளம் இடுங்கள். இல்லையேல் பின்னர் எடுக்கும் படங்கள் எல்லாம் மங்கும்.

படி 3: இப்போது இதழ்கள் தெரியும். மழைத்துளி உலர்ந்த தடம் போன்ற மினுக்கம் இருந்தால் அது எண்ணெய். குமிழால் ஊதி மணலை அகற்றுங்கள். மணல் இருக்கும்போது துடைத்தால் கீறும்.

படி 4: ஈர்க்கின் நுனியில் துணியைச் சுற்றி, லைற்றர் பெற்றோலில் தோய்த்து, உதறிவிட்டு, இதழ்களை நடுவிலிருந்து வெளிப்புறமாக மெதுவாகத் துடையுங்கள். நகத்தால் தள்ளாதீர்கள், கடதாசி போன்ற அந்த இதழ் வளைந்தால் திருப்பி நிமிர்த்துவது கடினம். போத்தலிலிருந்து நேரே ஊற்றவும் வேண்டாம். ஊற்றினால் கரைந்த அழுக்கு உள்ளே போய், உலர்ந்ததும் மற்றப் பாகங்களையும் பின் வில்லையையும் மூடிவிடும்.

படி 5: வேகத்தைப் ‘பீ’யில் வைத்துச் சட்டரை இழுத்து இயக்குங்கள். இதழ்கள் சோம்பலாக அசையும். அசைந்ததும் மறைந்திருந்த எண்ணெய் வெளியே வரும். புதிய துணியால் திரும்பவும் துடையுங்கள். துணியில் கறை வராத வரைக்கும் இதைத் தொடருங்கள். பத்துத் தடவை ஆனாலும் ஆகட்டும். பின்கதவைத் திறந்து பின்புறத்தையும் எட்டிய மட்டும் துடையுங்கள்.

படி 6: உலர்ந்தபின் 1/60, 1/125 வேகங்களில் முப்பது தடவை இயக்குங்கள். பழைய கொம்பூர் சட்டர்களில் அதிகூடிய வேகத்தைச் சட்டரை இழுக்க முன்னரே தெரிவு செய்ய வேண்டும். இழுத்த பின் பலவந்தமாகத் திருப்பினால் உள்ளே உடையும். சோர்க்கி, பெட் ஆகிய சோவியத் திரைச் சட்டர்க் கமராக்களில் இதற்கு மாறாக, முதலில் இழுத்து, பின்னரே வேகத்தை மாற்ற வேண்டும்.

படி 7: ஒரு முழு நாள் வையுங்கள். மறுநாள் முதல் அழுத்தலிலேயே சுறுசுறுப்பாக இயங்கினால் வேலை முடிந்தது. திரும்பவும் மந்தமானால் படி 4 இலிருந்து தொடங்குங்கள். பின்னர் வில்லையைத் துடைத்துப் பூட்டுங்கள். மரை குறுக்காக ஏறாமலிருக்க, முதலில் எதிர்ப்பக்கமாக மெதுவாகத் திருப்பி, ‘டக்’ என்று விழும் இடத்திலிருந்து முறுக்கத் தொடங்குங்கள்.

7. எங்கே நிறுத்த வேண்டும்?

வில்லுச் சுருள் அறுந்திருந்தால், இதழ் வளைந்திருந்தால், மந்த வேகப் பற்சில்லுகளைக் கழற்ற வேண்டியிருந்தால் அத்துடன் நிறுத்துங்கள். அது பயிற்சி பெற்றவரின் வேலை. மந்த வேகங்கள் இயங்காவிட்டாலும் 1/60 முதல் 1/250 வரை சரியாக இருந்தால் வெயிலில் எடுக்கும் பெரும்பாலான படங்களுக்கு அதுவே போதும்.

திரைச் சட்டரில் லைற்றர் பெற்றோலை விடாதீர்கள். துணித் திரையிலுள்ள றப்பர் பூச்சு கெடும். விரலாலும் தொடாதீர்கள். ஆனால் செனித், பென்ரக்ஸ் போன்ற ஒற்றை வில்லைக் கமராக்களில் ஒன்றைப் பார்க்கலாம். உள்ளிருக்கும் கண்ணாடி மேலே மோதும் இடத்தில் ஒரு மெல்லிய பஞ்சுப் பட்டி உண்டு. வருடங்கள் செல்ல அது பிசின் போலாகிக் கண்ணாடியை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். சட்டர் நின்றதாக நாம் நினைப்போம். அந்தப் பிசினைச் சிறிது அற்ககோல் தொட்ட ஈர்க்கால், கண்ணாடியின் முகத்தில் படாமல் அகற்றினால் கமரா இயங்கக்கூடும்.

8. வேகத்தைச் சோதித்தல்

1 செக்கனை மணிக்கூட்டுடன் ஒப்பிடலாம். மற்ற வேகங்களுக்குக் கைத்தொலைபேசி உதவும். பல தொலைபேசிகளில் செக்கனுக்கு 240 சட்டகங்கள் பதியும் மெதுவியக்க வசதி உண்டு. கமராவை வெளிச்சமான வானத்தை நோக்கி வைத்து, பின்கதவைத் திறந்து, சட்டர் திறந்து மூடுவதைப் பதிவு செய்து, வெளிச்சம் தெரியும் சட்டகங்களை எண்ணுங்கள். 1/30 செக்கனுக்கு 8, 1/60 செக்கனுக்கு 4, 1/125 செக்கனுக்கு ஏறக்குறைய 2 வர வேண்டும். 1/60 இல் 8 வந்தால் இரு மடங்கு வெளிச்சம் விழுகின்றது என்று பொருள். அப்போது துவாரத்தை ஒரு படி குறைத்து எடுங்கள். நெகற்றிவ் பிலிம் ஒரு படி கூடிய வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும். ஸ்லைட் பிலிம் பொறுக்காது.

9. பாதுகாத்தல்

தோலுறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துப் பூஞ்சணத்தை வளர்க்கும். இறுக்கமாக மூடும் பிஸ்கற் பேணியோ பிளாஸ்ரிக் பெட்டியோ போதும். மருந்துப் போத்தல்களிலும் சப்பாத்துப் பெட்டிகளிலும் வரும் ஈரமுறிஞ்சிப் பைகளைச் சேர்த்து அதனுள் இடுங்கள். மாதம் ஒரு முறை கமராவை வெளியே எடுத்து, எல்லா வேகங்களிலும் சில தடவை இயக்குங்கள். சட்டரை இழுத்த நிலையில் வைக்காதீர்கள். வில்லுச் சுருள் களைத்துவிடும்.

கடல்நீரோ வெள்ளமோ புகுந்த கமராவின் கதை வேறு. உப்பு சில மணித்தியாலங்களிலேயே அரிக்கத் தொடங்கும்; பல வருடம் சென்றபின் செய்யக்கூடியது அதிகமில்லை. ஆனால் நனைந்த பிலிமை உலர விடாமல், சுத்தமான நன்னீரில் அமிழ்த்தி, வெளிச்சம் புகாத பாத்திரத்தில் மூடி, விரைவாகக் கழுவக் கொடுத்தால் படங்களைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. உயிர்களோடு அல்பங்களும் போயின. இறந்தவரின் முகம் பதிந்த ஒரு படமேனும் கிடைக்காதா என்று தேடியவர்களை நாம் அறிவோம். இந்த அறிவு அன்று எம்மிடம் இருந்திருந்தால் சில முகங்களாவது மிஞ்சியிருக்கும்.

உங்கள் வீட்டுக் கமராவை இந்த வாரம் எடுத்துப் பாருங்கள். திருத்துவது பிறகு. முதலில் எண்ணைப் பாருங்கள்.

குழுவாகக் கலந்துரையாட:

1. உங்கள் ஊரில் எந்தெந்த வீடுகளில் பழைய கமரா, கழுவாத பிலிம், நெகற்றிவ் உள்ளன? அவற்றைப் பற்றி யாரிடம் கேட்டறியலாம்?
2. முழு இருட்டறை ஒன்றை உங்கள் வாசிகசாலையிலோ பாடசாலையிலோ எவ்வாறு அமைக்கலாம்?
3. மணிக்கூடு, வானொலி, தையல் மெசின் திருத்தும் முதியவர்களிடமிருந்து இளைஞர்கள் கற்றுக்கொள்ளக்கூடிய கைப்பழக்கங்கள் எவை?